சின்னதொரை வேலி தாண்டுகிறார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழிகள் மேல் எனக்கு எந்த வன்மமும் கிடையாது. குழம்பில் கிடந்தால் நானும்தான் இரண்டு துண்டு கூடப் போட்டுக்கொள்வேன். என் கோபமெல்லாம் உயிரோடு, அதுவும் விடியற்காலை நாலரை மணிக்கு, அதுவும் என் கீரைப் பாத்தியில் நிற்கிற கோழிகள் மேல்தான்.

என் பெயர் அருள்செல்வி. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு றப்பர் தோட்டத்தில், தாய்மார் பால்வெட்டப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், முப்பத்தொரு வருசம் வேலை செய்தேன். ஒரே நேரத்தில் பதினேழு பிள்ளைகள் அழுததைக் கேட்ட காது இது. ஓய்வு வாங்கிய மறுநாள் மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் ஆறு மணி வரை தூங்குவது என்று முடிவெடுத்தேன். அந்த வருசமே, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தை விட்டு எங்களுக்குத் தனி வீடும் கிடைத்தது. ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, சமைக்கக் குசினி, சொந்தக் கக்கூஸ், சுற்றிவர வேலி. ஆண்டவர் என் தூக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டை மூக்காயிக்குக் கொடுத்தார்.

மூக்காயி என்னைவிடப் பத்து வயது இளையவள். பால்வெட்டுக்காரி. லயத்தில் அவள் காம்பராவும் என் காம்பராவும் ஒட்டி இருந்தன. நடுவில் கூரைவரை எட்டாத ஒரு சுவர். இருபத்து நாலு வருசம் அப்படி இருந்தோம். அவள் புருசன் வேலுசாமி தவறிப்போனான், மகள் மல்லிகா கல்யாணம் கட்டிப் பலாங்கொடைப் பக்கம் போய்விட்டாள். புது வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் மூக்காயி ஒரு இளஞ்சேவல் வாங்கினாள். பிறகு அதற்குத் துணையாக எட்டுப் பொட்டைக்கோழிகள்.

அந்தச் சேவலுக்கு விரல்வரை வெள்ளை இறகு. முழங்கால்வரை மேஸ், அதாவது காலுறை, போட்ட மாதிரி இருக்கும். எங்கள் தோட்டத்தில் அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை மேஸும் போட்டு நடக்கிறவர் ஒருவர்தான்: உதவி மனேஜர் வேலைக்கு யார் வந்தாலும் அவர், நாங்கள் சொல்லும் சின்னதொரை. நடையும் அப்படியே. அவசரமே இல்லாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு முற்றமாக வந்து நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஏதோ குறை கண்டுபிடித்த மாதிரி ஒரு கத்து கத்திவிட்டுப் போகும். மூக்காயி அதற்குச் சின்னதொரை என்று பேர் வைத்தாள்.

தொரை என்று பேர் வைத்தபிறகு 'அது வருது' என்று சொல்ல வாய் வருமா? 'சின்னதொரை வர்றார்', 'சின்னதொரை கூவுறார்' என்றே ஆகிவிட்டது. ஆறு மாதத்தில் எங்கள் பதினாறு வீட்டிலும் அவரைச் சேவல் என்று சொல்ல ஆளில்லை. பாருங்கள், இப்போதும் எனக்கு 'அவரை' என்றுதான் வருகிறது.

கோழி வளர்ப்பதைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. ஓய்வு பெற்ற கங்காணி ஞானப்பிரகாசம் அண்ணன், குடியிருப்புக்குள் கோழியைத் திறந்துவிடக்கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்பார். எந்தச் சட்டம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். ஓட்டோ ஓட்டுகிற டெனிஸ், "தோட்டத்துல கோழி கூவாம யானையா கூவும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஓட்டோவின் பின்சீட்டில் கோழிகள் செய்துவைத்த வேலையைப் பார்த்த அன்று கட்சி மாறினான். கடைசி வீட்டு சரோனுக்குக் கைக்குழந்தை. முட்டை வேண்டும், கோழி வேண்டாம் என்பது அவள் கொள்கை.

லயத்தில் இருந்தபோது இதே ஆட்களின் கட்டில்களுக்கு அடியில் கோழிகள் குடும்பம் நடத்தின. யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலி போட்டதும் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் முளைத்துவிட்டது. என் கீரை மட்டும்தான் முளைக்கவில்லை.

மூன்று தடவை விதைத்தேன். மூன்று தடவையும் சின்னதொரை தன் எட்டுப் பேரோடு வந்து கிளறிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வேலி ஓரம் போய்க் கத்தினேன்.

"மூக்காயி! ஒன் சின்னதொரைய அடக்கி வைக்க மாட்டியா நீ?"

"கோழிக்கு வேலி தெரியுமாக்கா? நமக்கே இப்பத்தான தெரியும்" என்றாள்.

"இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்தார்னா சட்டிக்குள்ளதான் இருப்பார், சொல்லிட்டேன்."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவர் இல்லாட்டி என் பொழப்பே போயிரும்."

சேவல் இல்லாவிட்டால் பிழைப்புப் போய்விடுமாம்! நல்ல நாடகம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவை அடித்துச் சாத்தினேன். அதோடு பேச்சு நின்றுபோனது. இருபத்து நாலு வருசத்தில் நாங்கள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பதினைந்தாம் நாள் காலையில் சின்னதொரை என் குசினி யன்னலில் ஏறி நின்று, உள்ளே பார்த்துக் கூவினார். அன்றைக்கே பஸ் பிடித்து யட்டியாந்தோட்டை பஜாருக்குப் போய்விட்டேன். அங்கே அப்துல் ரஸாக் நானா கம்ப்யூட்டர் வைத்து மனு அடித்துக் கொடுக்கிறார். மனு தோட்டத்து மனேஜருக்கு, அதாவது பெரியதொரைக்கு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசத்தான், எழுத்துத் தெரியாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல நானா சிங்களத்தில் அடிக்கத் தொடங்கினார்.

"எழுதுங்க நானா. சின்னதொரை தெனமும் விடியக்காலம நாலரைக்கு என் வேலியத் தாண்டி வர்றார்."

நானாவின் விரல் நின்றது. "சின்னதொரையா?"

"ஆமா. வந்து கத்துறார். நான் தனியா இருக்கிற பொம்பள. கம்பெடுத்தாத்தான் போறார். இன்னைக்குக் குசினி யன்னல்ல ஏறி உள்ள பாக்குறார்."

"இது வேற யாருக்கும் தெரியுமா அக்கா?"

"ஊருக்கே தெரியும். எல்லாரும் சிரிச்சிட்டு இருக்காங்க."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"இதையும் போடுங்க. ஒரு வாரத்துக்குள்ள இவரக் கூண்டுல அடைக்கணும். இல்லாட்டி நானே புடிச்சுக் கழுத்த அறுத்துருவேன்."

"கழுத்த... அப்படியே போடவா அக்கா?"

"அப்படியே போடுங்க."

கையெழுத்து வைத்துவிட்டுக் காசை நீட்டினேன். நானா வாங்கவில்லை. "இதுக்குப் போய்க் காசு வாங்கினா அல்லா மன்னிக்க மாட்டான். நீங்க தைரியமா இருங்க அக்கா" என்றார். அட, பஜாரில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கோழி இவ்வளவு தொந்தரவா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே மனுவை ஆபீஸில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. காலை பத்து மணிக்கு விசாரணையாம். கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டால் இரண்டு மழைக்காலம் போகும். கோழிக்கு மூன்றே நாள்! கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலேயே ரோஷானி மிஸ் நின்றார். தோட்டத்து ஆட்களின் நலன்களைப் பார்க்கிற அதிகாரி. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கதிரை போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "பயப்படாம சொல்லுங்கம்மா. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் பெரியதொரை இறுகிய முகத்தோடு இருந்தார். ஒரு மூலையில் மெய்யான சின்னதொரை. மதுசன் என்று பேர், இருபத்தைந்து வயது இருக்கும், குருநாகலைப் பக்கத்துச் சிங்களப் பையன். முகத்தில் இரத்தமே இல்லை. இவருக்கு என்ன காய்ச்சலா, கோழி விசாரணைக்கு இவர் எதற்கு என்று நினைத்தேன்.

"இது எப்பத் தொடங்கினதும்மா?" மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"ஆறு மாசமா இருக்கும் மிஸ்."

"நான் வந்தே நாலு மாசம் சேர்" என்று மூலையிலிருந்து சிங்களத்தில் ஒரு சத்தம். பெரியதொரை கையைக் காட்டி அடக்கினார்.

"சின்னதுல ஒழுங்காத்தான் மிஸ் இருந்தார். வால் மொளைச்சப்புறந்தான் இந்த ஆட்டம்."

பெரியதொரை மிஸ்ஸைப் பார்த்தார்.

"வால்?" என்றார் மிஸ்.

பெரியதொரைக்குப் பொறுமை போய்விட்டது. மனுவை எடுத்துச் சிங்களத்தில் சத்தமாக வாசித்தார். முதல் வரியிலேயே 'சின்னதொரே மஹத்தயா' என்று வந்தது. மஹத்தயா! நான் 'வர்றார், போறார்' என்று சொன்ன மரியாதைக்கு ஏற்ப ரஸாக் நானா ஒரு மஹத்தயாவைச் சேர்த்து அடித்திருக்கிறார். அந்த மஹத்தயா தினமும் வேலி தாண்டுகிறார். தனியாக இருக்கிற பெண்ணின் குசினி யன்னலில் ஏறுகிறார். அவரைக் கூண்டில் போடாவிட்டால் கழுத்தை அறுப்பேன் என்று கீழே என் கையெழுத்து.

மூலையில் இருந்த பையனைப் பார்த்தேன். மூன்று நாளாக அவரை வேலைக்கு விடாமல் பங்களாவிலேயே இருக்க வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. என் ஒரு வார்த்தைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஐயோ சேர், குக்குளெக்! குக்குளெக் சேர்!" சேவல், ஐயா, சேவல் என்று சிங்களத்தில் கத்தினேன். பத்தாதற்கு இரண்டு கையையும் இறக்கை மாதிரி அடித்துக் காட்டினேன்.

விசயம் விளங்க ஐந்து நிமிசம் போனது. ரோஷானி மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மதுசன் தொரை நெற்றியைச் சுவரில் சாய்த்து மூச்சு விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன். வாழ்நாளில் ஒரு தொரையைத் தம்பி என்று நான் கூப்பிட்டது அன்றைக்குத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படியொரு மனுவைக் கிழித்துப் போடாமல் கதிரை போட்டு விசாரித்தார்களே, அதற்காக அந்த மிஸ் நன்றாக இருக்க வேண்டும். நாளைக்கு உண்மையாகவே ஒருத்தி அப்படி எழுதலாம்.

பெரியதொரை மட்டும் சிரிக்கவில்லை. வீடு கொடுத்த அன்றே கோழியும் ஆடும் திறந்துவிடக்கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். "யாருடைய சேவல்? தொரைமாருடைய பேரை வைத்தது யார்?"

வாய் நுனிவரை மூக்காயியின் பேர் வந்துவிட்டது. அதற்காகத்தானே பஸ் ஏறிப் போய் மனு அடித்தேன். அப்போது பார்த்து அவள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. 'அவர் இல்லாட்டி என் பொழப்பே போயிரும்.' அவள் இன்னும் இந்த மனிதரின் கையெழுத்துக்குக் கீழேதான் வேலை செய்கிறாள். எனக்கு என்ன, நான் ஓய்வு வாங்கியவள். இனி என்னை இவர்கள் என்ன செய்துவிட முடியும்?

"என்னோடதுதான் சேர். நான்தான் பேர் வச்சேன்."

பெரியதொரை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்னுடைய சேவலைப் பற்றி நீயே பெட்டிசன் எழுதினாயா?"

"சொல்லிப் பாத்தேன் சேர். கேக்கல. அதான் ஆபீசுக்கு எழுதினேன்."

முதலில் சிரித்தது மதுசன் தொரைதான். அவர் தொடங்கியதும் பெரியதொரையின் மீசையும் ஆடிவிட்டது. கடைசியில் தீர்ப்பு இதுதான்: சேவலும் கோழிகளும் என் வளவில் கூண்டுக்குள் இருக்க வேண்டும். மறுநாள் காலை மிஸ் வந்து பார்ப்பார். கூண்டு இல்லாவிட்டால் கோழி இல்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தபோதுதான், என்னிடம் கூண்டும் இல்லை, கோழியும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

மூக்காயி வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலால் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று படலையைத் திறந்து உள்ளேயே போய்விட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனு எழுதியதையும் ஒளிக்கவில்லை. குசினி யன்னல் இடத்தில் அவள் முறைத்தாள். கழுத்தை அறுக்கும் இடத்தில் வாயைத் திறந்தாள். 'சொல்லிப் பாத்தேன் சேர், கேக்கல' என்ற இடத்தில் அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "ஏன்டி, ஒரு சேவல் இல்லாட்டி ஒனக்கு எப்படிப் பொழப்புப் போகும்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மடுவத்துக்குப் பால் காய்ச்ச நாலரைக்கு எந்திரிப்பீங்கள்ல. சட்டிய அடுப்புல டங்குனு வைப்பீங்க. சொவத்துக்கு மேலால அந்தச் சத்தம் வந்தா நானும் எந்திரிச்சிருவேன். இருவத்து நாலு வருசமா நான் பெரட்டுக்குப் பிந்தினதில்ல."

பெரட்டு என்பது காலையில் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம். பிந்திப் போனால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் வேலைதான் பதிவார்கள்.

"இங்க வந்தப்புறம் ஒங்க சத்தம் இல்ல. மூணு தடவ பிந்திட்டேன். இன்னொரு தடவ பிந்தினா ஒன் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு கங்காணி சொல்லிட்டாரு. போன்ல வச்சா அத அமத்திட்டுத் தூங்கிர்றேன். ஒங்க சட்டிய அமத்த முடியாதுல்ல?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்களுக்குப் பதிலாத்தான்க்கா அவர வாங்கினேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக நான் கம்பெடுத்துத் துரத்தியது என் இடத்துக்கு வந்த ஆளை. ஆறு மணிவரை தூங்குவேன் என்று மாதாவுக்கு முன்னால் நின்று முடிவெடுத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என் சத்தத்தை நம்பிப் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"ரிட்டயராகிச் சந்தோசமாத் தூங்குற ஆளப் போய் எழுப்பிவிடச் சொல்லுவாங்களா?"

அன்று சாயங்காலமே டெனிஸ் ஓட்டோவின் கூரையில் கட்டி, பிள்ளை மடுவத்தில் கழித்துப் போட்ட இரண்டு கம்பித் தொட்டில்களைக் கொண்டுவந்து இறக்கினான். ஞானப்பிரகாசம் அண்ணன் கூப்பிடாமலே வந்து, சட்டப்படி எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு ஆணியும் அடிக்காமல் நின்றார். சரோன் கைக்குழந்தையோடு வந்து, முட்டை எந்தப் பக்கம் விழும் என்று மட்டும் கேட்டாள். எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் நானும் மூக்காயியும் வேலியில் இரண்டு ஆள் நீளம் வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் தொட்டில்களைக் கவிழ்த்துச் சேர்த்துக் கட்டினோம். பாதி என் வளவில், பாதி அவள் வளவில். பக்கத்தில் ஒரு ஆள் நுழைந்து போகிற அளவுக்கு வழியும் இருந்தது.

மறுநாள் ரோஷானி மிஸ் மதுசன் தொரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். தொரைக்கு அந்தச் சேவலைப் பார்த்தே ஆக வேண்டுமாம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேருக்கும் முழங்கால்வரை வெள்ளை மேஸ். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் ஒரு அடி பின்னால் போய்க் கூண்டை அளந்தார். "கூண்டு ஒங்க வளவுல பாதிதானேம்மா இருக்கு?" என்றார்.

"கூவுற பாதி என்னோடது மிஸ்" என்றேன். மிஸ் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் கீரை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆறு மணிவரை தூங்குகிற திட்டத்தை நான் விட்டுவிட்டேன். நாலேகாலுக்கு எழும்பி, குசினியிலிருந்து அந்தப் பெரிய பால் சட்டியை எடுத்துக்கொண்டு வேலி வெட்டின இடத்துக்குப் போய், கல்லின் மேல் டங் என்று வைக்கிறேன். மூக்காயி வீட்டு லைட் எரிந்ததும் திரும்பிவந்து தேத்தண்ணி போடுகிறேன், இரண்டு பேருக்கு. சின்னதொரை அதற்குப் பிறகுதான் எழும்பிக் கூவுகிறார். எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்ற நினைப்பு அவருக்கு. தொரை அல்லவா, இருந்துவிட்டுப் போகட்டும்.